விருந்தாளிக்கு மட்டும் ஒரு சட்டம்

படம் இல்லை, ஒலி இல்லை. திரையில் எழுத்து மட்டும். ஆளுக்கொரு வேடம் பூண்டு, பேச்சையும் செயலையும் தட்டச்சு செய்தே ஆடும் இணைய விளையாட்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் பிறந்தது. ராய் ட்ரப்ஷா தொடங்கிய அந்த நிரலை ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தார், பெயர் 'மட்'. புதியவர்களிடம் அது இரக்கம் காட்டவில்லை. சண்டையில் செத்தால் பாத்திரமே அழிந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதையலைத் தேடிச் சதுப்பில் போட்டுப் புள்ளி சேர்த்து, 'விசார்ட்' நிலையை எட்டியவர்களோ மற்றவர்களை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இதைக் கொடுமை என்று சொல்லலாம், அநீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலே இருப்பவர் எப்படி மேலே போனார், நாம் போக என்ன செய்ய வேண்டும் என்பது முதல் நாள் வந்தவருக்கும் தெரிந்திருந்தது. புதியவருக்கு அநீதி நேர்வது விதி கடுமையாக இருப்பதால் அல்ல. விதி யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போவதால்தான்.

இதற்குச் சான்று 'லாம்டாமூ'. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய இந்த உலகத்தில் புள்ளியும் இல்லை, போரும் இல்லை. ஒரு பெரிய மாளிகை, அதில் பேச்சு, அவரவர் கட்டிக்கொள்ளும் அறைகள், அவ்வளவுதான். கூட்டம் பெருகியதும் சச்சரவும் பெருகியது. தீர்த்துவைத்தே களைத்துப்போன கர்ட்டிஸ் 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு விடுத்தார்: இங்கே நிர்வாகிகளாக இருக்கும் விசார்ட்கள் இனி தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்பார்கள், சமூக விவகாரங்களை மக்களே பார்த்துக்கொள்ளட்டும். கேட்க ஜனநாயகம் போலத்தான் இருந்தது. ஆனால் மக்களுக்கென்று மன்றமோ வாக்கெடுப்போ எதுவும் அப்போது அமைக்கப்படவில்லை. அதிகாரி எழுந்துபோன நாற்காலி காலியாக இருக்காது. அங்கே அதிக நேரம் செலவிட முடிந்தவர்களிடமும், ஒருவரையொருவர் நெடுநாள் அறிந்தவர்களிடமும் செல்வாக்கு போய்ச் சேரும். நேற்று வந்தவர் இந்த இரண்டு கணக்கிலும் வரமாட்டார்.

மூன்றே மாதத்தில் சோதனை வந்தது. 1993 மார்ச்சில் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பாத்திரம், மற்றவர்களின் பாத்திரங்கள் ஆபாசச் செயல்களில் ஈடுபடுவது போன்ற வரிகளைப் பொதுக்கூடத்தில் எல்லோர் முன்னும் ஓடவிட்டது. நீண்ட கூட்டம் நடந்தது, முடிவு எட்டப்படவில்லை. கடைசியில் ஒரு விசார்ட் தன் பொறுப்பிலேயே பங்கிளை அழித்தார். ஜூலியன் டிபெல் அவ்வாண்டு இறுதியில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையால் இந்தக் கதை உலகறிந்தது. அதிகம் பேசப்படாதது பிறகு நடந்ததுதான். கர்ட்டிஸ் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அதன் வழியாக வந்தவற்றில் ஒன்று, பதிவு செய்யாமல் விருந்தாளியாக வந்து தொல்லை தருபவர்களை உடனே தற்காலிகமாக வெளியேற்றும் 'பூட்' கட்டளை. பங்கிள் விருந்தாளி அல்ல, பதிவு செய்த உறுப்பினர். குற்றம் உள்வீட்டில் நடந்தது. கைக்கெட்டிய கம்போ வாசலில் நிற்பவர் மீது விழுந்தது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. புதியவருக்கு இழக்க ஒன்றுமில்லை. பெயரை உதறிவிட்டு வேறு பெயரில் வரலாம். பங்கிளே 'டாக்டர் ஜெஸ்ட்' என்று திரும்பி வந்தான். எனவே கொஞ்ச காலம் கண்காணித்துப் பார்ப்பதில் என்ன தவறு? ஒன்றுமில்லை. காலம் இவ்வளவு, காரணம் இது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது நியாயமான விதிதான். இன்னொரு மறுப்பு: ஊதியமின்றி நடத்துகிறார்கள், பிடிக்காவிட்டால் போகட்டுமே! நடத்துபவருக்கு ஆளும் உரிமை உண்டென்பதை நானும் மறுக்கவில்லை. நான் ஆளவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆளும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது. தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரித்துவைக்க முடியாது என்று 1996 மே மாதம் விசார்ட்களே ஒப்புக்கொண்டு, சமூக விவகாரங்களிலும் இனி தாங்களே முடிவெடுப்போம் என்று அறிவித்தார்கள். பின்வாங்கல் என்று பலர் கசந்துகொண்டார்கள். அந்த மூன்றரை ஆண்டுகளில் புதியவர்களிடம் சொல்லப்பட்ட மிக நேர்மையான வார்த்தை அதுதான் என்பேன்.