அகராதி கண்ட பெப்ரிசியஸ்

அகராதி என்பது புலவர் வீட்டு அலமாரிக்கே உரிய பொருள் என்று ஒதுங்கிப் போகும் பழக்கம் நம் இளைஞரிடையே இருந்து வருகிறது. பாலசமுத்திரத்திலும் சுற்றூர்களிலும் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஓர் அகராதி ஆசிரியர் உண்டு. அவர் தமிழரல்லர், ஜெர்மானியர்.

யோகான் பிலிப் பெப்ரிசியஸ் 1711-இல் பிறந்தார். ஹாலே நகரில் இறையியல் பயின்று, 1740-இல் தரங்கம்பாடி வந்திறங்கினார். 1706-இல் அங்கு வந்த சீகன்பால்கு தமிழ்ச் சொற்களைத் திரட்டி ஏட்டில் குறித்து வைத்த மரபு அவருக்கு முன்பே இருந்தது. 1742-இல் சென்னை சென்ற பெப்ரிசியஸ் வேப்பேரியிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

அமைதியாக அமர்ந்து எழுதும் வாய்ப்பு அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றவே, டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். 1758-இல் மீண்டும் அதே ஓட்டம்; வேப்பேரி சூறையாடப்பட்டது. எனினும், போர் பறித்ததில் ஒரு பங்கைப் போரே திருப்பித் தந்தது எனலாம். 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து கொணர்ந்த அச்சுப்பொறி, அரசாங்க அச்சு வேலையையும் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் வேப்பேரிக்குக் கிடைத்தது.

தமது உடனூழியர் பிரைட்ஹாப்ட் என்பாருடன் அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 9,000 சொற்கள். சொற்களோடு அவை பயிலும் தொடர்களையும் தந்தமை அதன் சிறப்பு. ஆங்கிலம்–தமிழ்ப் பகுதி 1786-இல் வந்தது. புகழ் தொகுத்தவர்க்குச் சென்றது. சொற்களை வழங்கியவரோ தமிழ் மக்கள். இதனை நாம் மறத்தல் ஆகாது.

சொல்லின் நுட்பம் அறிந்த அவர் பணத்தின் போக்கை அறிந்தாரில்லை. தம் பொறுப்பிலிருந்த பணத்தை வட்டிக்குக் கொடுத்து இழந்து, முதிய வயதில் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். 1791-இல் மறைந்தார். அகராதி மட்டும் அழியவில்லை. 1897-இல் தரங்கம்பாடியில் விரிவாக்கப்பெற்று, 1972 வரை புதுப் பதிப்புகள் கண்டது.

நமக்கு இதிலென்ன என்று கேட்கலாம். 'பறை' என்னும் சொல்லை வசையாகக் கேட்டுத் தலைகுனிந்தவர் நம்முள் பலர். அகராதியைத் திறந்து பார்க்கட்டும். பறைதல் என்றால் பேசுதல், அறிவித்தல் என்று தமிழ் அகராதிகள் பொருள் கூறுகின்றன. மலையாளத்தில் 'சொல்' என்பதற்கு இன்றளவும் 'பற' என்றே வழங்குகின்றனர். அம்மொழிக்கு 1872-இல் பேரகராதி தந்த குண்டர்ட்டும் ஒரு ஜெர்மானியரே.