இரண்டு ஏடுகளுக்கு நடுவே: மும்பைக் கணக்காளர் தொழில், 1913 முதல் 2023 வரை

1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம், பொதுக் கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்பவர் அரசின் சான்று பெற்றிருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு பம்பாயில் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் கௌரவ முதல்வர் கல்யாண் சுப்பிரமணி ஐயர். 1897 முதலே கே. எஸ். ஐயர் என்ற பெயரில் அந்நகரில் தணிக்கை நிறுவனம் நடத்திவந்தவர். 1918இல் பம்பாய் அரசு கணக்கியலுக்கு ஒரு பட்டயத் தேர்வை ஏற்படுத்தியது. 1932இல் ‘பதிவு பெற்ற கணக்கர்’ என்ற தகுதி வந்தது. 1949 ஜூலை 1 அன்று இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜி. பி. கபாடியா.

இந்தத் தொழில் வளர்ந்த காலத்தில்தான் தமிழ்க் குடும்பங்கள் பம்பாயின் மாட்டுங்காவில் வேரூன்றின. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறி வந்தவர்களின் பிள்ளைகள் வணிகவியல் படித்தார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அமைந்தது. மாட்டுங்காவிலேயே போதார் வணிகவியல் கல்லூரி 1941இல் வந்தது. எழுத்தர் நாற்காலியில் தொடங்கிய குடும்பங்கள் பலவற்றில் அடுத்த தலைமுறை ஆடிட்டர் ஆனது. 1960களில் தென்னிந்திய எழுத்தர்கள்மீது எழுந்த பகையையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். பேரேட்டு வேலை அவர்களுக்குச் சோறு போட்டது. பலரது கோபத்தையும் தேடித் தந்தது.

இயந்திரம் வந்தபோது முதலில் எழுந்தது வேலை பறிபோகும் என்ற அச்சமே. 1961இல் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனம் பம்பாயில் ஐபிஎம் கணினியை நிறுவியது. ஆயுள் காப்பீட்டுத் துறையிலும் வங்கிகளிலும் தொழிற்சங்கங்கள் கணினியைக் கடுமையாக எதிர்த்தன. 1983இல் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் இயந்திரமயமாக்கலுக்கு வழி வகுத்தது. வேலை குறித்த அந்தப் போராட்டம் நியாயமானதே. ஆனால் அதன் இரைச்சலில் வேறொரு கேள்வி பின்னுக்குப் போயிற்று: ஒரு ஏடு இயந்திரத்திலும் மற்றொன்று காகிதத்திலும் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு யாருடையது?

இந்தக் கேள்விக்குப் பம்பாய் 1992இல் விலை கொடுத்தது. வங்கிகள் அரசுப் பத்திரங்களை விற்று, சில நாளில் திரும்ப வாங்கும் ஒப்பந்தங்களைத் தரகர்கள் வழியாகச் செய்துவந்தன. பல பேரங்களில் பத்திரம் கைமாறவில்லை. வங்கி ரசீது மட்டும் கைமாறியது. பேங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி ஆகிய சிறு வங்கிகள், பத்திரமே இல்லாமல் ரசீது எழுதிக் கொடுத்தன. எந்த வங்கியிடம் எவ்வளவு பத்திரம் என்று காட்டும் பேரேடு ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகத்தில் கையால் எழுதப்பட்டது. அதில் பதிவுகள் தாமதமாகவே ஏறின. வங்கியின் ஏடு ஒன்று சொன்னது, பொதுக்கடன் அலுவலகத்தின் ஏடு வேறொன்று சொன்னது. பாரத ஸ்டேட் வங்கி இரண்டையும் ஒத்துப்பார்த்தபோதுதான் பள்ளம் வெளிப்பட்டது. ஏப்ரல் 23 அன்று பத்திரிகையாளர் சுசேதா தலால் செய்தியை வெளியிட்டார். அடுத்து அமைந்த ஆர். ஜானகிராமன் குழு, 4,000 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கலில் இருப்பதாகக் கண்டது.

பள்ளிப் பாடத்தில் ‘வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. மாணவர்கள் ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் பகுதி. இந்நகரத்தின் பெரிய மோசடிகளைத் தொடர்ந்து படித்தால், அந்த அத்தியாயத்தைச் செய்யாமல் விட்ட கதையாகவே அவை தெரிகின்றன. இக்கட்டுரையின் வாதமும் இதுதான்: தொழில்நுட்பம் ஒவ்வொரு ஏட்டையும் துல்லியமாக்கியது, பொய்யோ அந்த ஏடுகளுக்கு நடுவே இடம்பெயர்ந்தது.

கணினிமயம் முழுமையடைந்த பிறகும் இது மாறவில்லை. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளையில் நடந்த மோசடி வெளிவந்தது. அப்போது சொல்லப்பட்ட தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். வெளிநாட்டு வங்கிகளுக்கு உறுதிக் கடிதங்கள் ‘ஸ்விஃப்ட்’ செய்தி வலையில் போயின. வங்கியின் மையக் கணினிக் கணக்கில் அவை ஏறவேயில்லை. இரண்டும் நவீன அமைப்புகள்தாம், ஆனால் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. 2016 ஆகஸ்ட் முதல் மூன்று முறையாவது வங்கிகளை எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி பின்னர் கூறியது. மும்பையின் மூத்த பட்டயக் கணக்கர் ஒய். எச். மாலேகம் தலைமையில் குழு அமைத்து, இரு அமைப்புகளையும் இணைக்கக் கெடுவும் விதித்தது.

மறு ஆண்டே பஞ்சாப்–மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி. ஒரே கட்டுமானக் குழுமத்தின் 44 கடன் கணக்குகளை மறைக்க, 21,049 போலிக் கணக்குகளைக் கொண்ட பட்டியல் ஆய்வாளர்களிடம் காட்டப்பட்டது. 2019 செப்டம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, வாடிக்கையாளர் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய். மருத்துவச் செலவுக்கும் திருமணத்துக்கும் சேர்த்த பணம் முடங்கிய மனிதர்களை நினைக்காமல் இந்த எண்களை எழுத முடியவில்லை. தணிக்கையாளர்களும் கைதானார்கள்.

சட்டம் என்ன செய்தது? பட்டயக் கணக்கர்களுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பெரும் அலட்சியத்தைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றது. 2006 திருத்தம் அதே உட்பிரிவில் ‘உரிய கவனம் செலுத்தாமை’யையும் சேர்த்தது. சிறிய சேர்க்கைதான், ஆனால் எனக்கு இதுவே இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பமாகப் படுகிறது. அலட்சியம் இல்லை என்று காட்டித் தப்பித்தவர், இனி தாம் எதைத் தேடிப் பார்த்தார் என்றும் சொல்ல வேண்டும். 2009இல் ஐதராபாதின் சத்யம் நிறுவனத்தில் வங்கி இருப்பே பொய் என்று தெரியவந்தபின், அந்தக் கேள்வி நாடு முழுவதும் ஒலித்தது. 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் செயல்படத் தொடங்கியது. 2019 முதல் தணிக்கையாளர் கையெழுத்திடும் சான்று ஒவ்வொன்றுக்கும் 18 இலக்க அடையாள எண் கட்டாயமானது. போலிக் கையெழுத்துக்கு அது பெரிய தடை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார் என்ற தடயத்தோடு வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதி தாராவியின் பெரும்பாலான பட்டறைகளைத் தொடாது. தோல், ஆயத்த ஆடை, மறுசுழற்சித் தொழில்களில் இருப்பவை தனிநபர் வணிகங்களும் கூட்டு வணிகங்களுமே. பகுதிநேரக் கணக்கர் வந்து டேலி மென்பொருளில் பில்களை ஏற்றுவார். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ உள்ள ஆடிட்டர் வருடக் கடைசியில் கையெழுத்திடுவார். ஜிஎஸ்டி வந்தபின் இங்கும் இரண்டு ஏடுகள் உருவாகிவிட்டன: பட்டறையின் கணக்கு ஒன்று, விற்றவர் தாக்கல் செய்த விவரத்திலிருந்து அரசுத் தளம் தானே தயாரிக்கும் 2பி பட்டியல் மற்றொன்று. 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் விலைப்பட்டியலும் கட்டாயம். ஆனால் பட்டறையின் சொந்தக் கணக்கில் மார்ச் மாதப் பதிவை ஜூலையில் திருத்தினால் தடயம் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மென்பொருளில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. வரித் தணிக்கைக்கு உட்படும் எல்லா வணிகங்களுக்கும் அதை விரிவாக்க, தணிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்.