கட்டைவிரல் அடையாளமும் மேன்முறையீடும்: சிங்கராசா வழக்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து பொலநறுவை, வெலிகந்தை, புணானை வழியாக வருவோர் ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்தே வாவி சூழ்ந்த மட்டக்களப்பு மண்ணினூடே செல்கின்றனர். மறுதலையாக, இம்மண்ணில் தொடங்கிய வழக்கொன்று தலைநகரின் நீதிமன்றங்களை அடைவதற்கும் இதுவே நெடுங்காலம் வழியாயிருந்தது. ஓட்டமாவடிக்கும் வாழைச்சேனைக்கும் தெற்கே, செங்கலடிக்கு அண்மையிலுள்ள கொம்மாதுறை இராணுவ முகாமிலிருந்து புறப்பட்டு, மட்டக்களப்பு, கொழும்பு, ஜெனீவா எனச் சென்று மீண்டும் கொழும்பிலேயே முடிந்த ஒரு குற்றவியல் வழக்கின் வரலாறே இங்கு ஆராயப்படுகின்றது. நல்லரத்தினம் சிங்கராசா என்பவரின் பெயரால் அது சட்ட நூல்களில் வழங்குகின்றது.

வழக்கினுள் நுழையுமுன் அதன் பின்புலமாகிய சட்ட மரபினை ஓரளவு விளங்கிக்கொள்ளல் வேண்டும். இலங்கையின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றி எழுந்தது. அதன் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதல் எதனையும் எதிரிக்கு எதிராக எண்பித்தல் ஆகாது என்கின்றது. உண்மையோ பொய்யோ, விரும்பி அளித்ததோ வருத்திப் பெற்றதோ என்ற வினாவுக்கே அங்கு இடமில்லை. கதவு முற்றாக அடைக்கப்பட்டுள்ளது. குடியேற்ற ஆட்சியாளர் தம் பொலிஸாரை எந்த அளவுக்கு நம்பினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஏனையோரிடம் அளித்த ஒப்புதலிலும், அது அச்சுறுத்தலாலோ ஆசைகாட்டலாலோ பெறப்பட்டதென நீதிமன்றுக்குத் தோன்றினாலே போதும், அது விலக்கப்படும். 'தோன்றினால்' என்ற அச்சொல் நோக்கற்பாலது. எதிரி எதனையும் எண்பிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

மேன்முறையீட்டு மரபு இதனினும் இளையது. யூரிமார் முன்னிலையில் உயர் நீதிமன்றத்தின் குற்றவியல் அமர்வுகளிற் குற்றவாளியாகக் காணப்பட்டவனுக்கு ஒழுங்கான மேன்முறையீட்டு உரிமை, 1938ஆம் ஆண்டு 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நிறுவிய பின்னரே கிட்டிற்று. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. இன்றுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பினால் உருவானது. அக்காலத்தே மட்டக்களப்பிலும் சுற்று அமர்வுகள் நடைபெற்றன. தமிழ் பேசும் யூரிமாரைத் தெரிவதற்குத் தனிப் பட்டியல் இருந்தது. எதிரி பேசும் மொழியை விளங்கிக்கொள்வோர் அவனது குற்றத்தைத் தீர்மானிக்கும் வாய்ப்பேனும் இருந்ததெனலாம்.

1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்விரு மரபுகளையும் ஒருசேர மாற்றிற்று. மூன்றாண்டுகளுக்கெனத் 'தற்காலிக ஏற்பாடாக' இயற்றப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. யூரிமாரின்றி மேல் நீதிமன்றின் தனி நீதிபதியே வழக்கை விளங்கலானார். 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் ஏற்புடைய சான்றாயிற்று. அதனை விலக்கவேண்டுமாயின், அது விலக்கற்பாலது என எண்பிக்கும் சுமை எதிரியின் தோளில் ஏற்றப்பட்டது. எண்பத்துநான்கு ஆண்டுகளாக அடைத்திருந்த கதவு திறக்கப்பட்டமை ஒருபுறம். அதனை மீண்டும் மூடும் பொறுப்பு தடுப்புக் காவலிலிருந்து வருபவனுக்கே விடப்பட்டமை மறுபுறம். இவற்றுள் இரண்டாவதே கொடியது என்பது இவ்வழக்கினால் தெளிவாகும்.

1993ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள் அதிகாலை, சிங்கராசாவின் கிராமம் சுற்றிவளைக்கப்பட்டு ஏறத்தாழ நூற்றைம்பது தமிழ் ஆடவர் கைது செய்யப்பட்டனர். அவரும் அவர்களுள் ஒருவராகக் கொம்மாதுறை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் மட்டக்களப்பில் பொலிஸாரின் நாசகார எதிர்ப்புப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டார். அங்குத் தாம் வதைக்கப்பட்டதாக அவர் கூறினார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன்னிலையில் அவரது ஒப்புதல் பதிவாயிற்று. நான்காம் வகுப்பு வரையே கற்ற அவருக்குச் சிங்களம் பேசவோ படிக்கவோ தெரியாது. ஒப்புதலோ சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. இடையே மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். தம்மை வதைத்தோருள் அவரும் ஒருவர் என்பது சிங்கராசாவின் கூற்று. ஆவணத்தின் அடியில் அவரது கட்டைவிரல் அடையாளம் பதிந்தது.

வழக்கு கொழும்பு மேல் நீதிமன்றிலே தொடுக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய முகாம்களைத் தாக்கி அரசைக் கவிழ்க்க முயன்றார் என்பதே ஐந்து குற்றச்சாட்டுகளின் சாரம். அந்த ஒப்புதலைத் தவிர வேறு சான்று வழக்குத் தொடுநரிடம் இருக்கவில்லை. ஆகவே 1995 யூன் மாதம் நடைபெற்ற 'விசாரணைக்குள் விசாரணை'யே உண்மையில் முழு வழக்காகவும் அமைந்தது. முதுகிலே தழும்புகள் இருந்தமைக்கும், இடக்கண்ணிற் பார்வையைப் பாதித்த வடு இருந்தமைக்கும் வைத்தியச் சான்று முன்வைக்கப்பட்டது. ஆயினும் நீதவான் முன் கொண்டுவரப்பட்டபோது அவர் முறையிடவில்லை என்பது அவருக்கு எதிராகக் கொள்ளப்பட்டது. ஒப்புதல் ஏற்கப்பட்டது. செப்டெம்பரிற் குற்றவாளியாகக் காணப்பட்ட அவருக்கு ஒக்டோபர் 4ஆம் நாள் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999 யூலையிற் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்து, தண்டனையை முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குறைத்தது. 2000ஆம் ஆண்டு சனவரியில் உயர் நீதிமன்றம் சிறப்பு அனுமதியை மறுத்தது. உள்நாட்டிற் செல்லக்கூடிய படிகள் இவ்வாறு முடிந்தன.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்திருந்தது. தனியாள் ஒருவர் மனித உரிமைகள் குழுவிடம் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் 1997இல் இணைந்தது. அவ்வழியே சென்ற முறைப்பாட்டுக்குக் குழு 2004 யூலையில் தன் கருத்தை வெளியிட்டது. அதன் தர்க்கம் ஊன்றி நோக்கத்தக்கது. எதிரி எண்பிக்கவேண்டிய அளவு மிகச் சிறிதே என அரசு வாதிட்டது. அளவு சிறிதாயினும் சுமை அவர்மீதே இருந்தது எனக் குழு விடையிறுத்தது. அன்றியும், வைத்தியச் சான்று முடிவானதன்று எனக் கூறி வதை பற்றிய முறைப்பாட்டை எல்லா நீதிமன்றங்களும் தள்ளியமையே அச்சிறிய அளவும் பேணப்படவில்லை என்பதைக் காட்டுவதாக அது கொண்டது. நீதவானிடம் முறையிடாமை பற்றிய வாதம் ஒரே வரியில் வீழ்ந்தது: அவர் மீண்டும் பொலிஸ் காவலுக்கே திரும்பவேண்டியிருந்தது. சுயாதீனமான மொழிபெயர்ப்பாளர் இல்லாமையும், மேன்முறையீடுகள் நான்காண்டுகளுக்கு மேல் நீண்டமையும் உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரைக்கு மாறானவை எனக் காணப்பட்டன. விடுதலை அல்லது மறுவிசாரணை, அத்துடன் இழப்பீடு என்பன பரிகாரமாகக் கூறப்பட்டன.

இக்கருத்தினைக் கையிற்கொண்டு உயர் நீதிமன்றில் மீளாய்வு கோரப்பட்டது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் 2006 செப்டெம்பர் 15ஆம் நாள் மனுவைத் தள்ளுபடி செய்தது. சர்வதேச உடன்படிக்கை உள்நாட்டில் வலுப்பெறப் பாராளுமன்றச் சட்டம் வேண்டும் என்ற அளவில் அத்தீர்ப்பு பழைய இருமைக் கோட்பாட்டைச் சார்ந்தது, அதில் வியப்பில்லை. அதற்கப்பாலும் சென்று, மக்களின் நீதிமுறைத் தத்துவத்தை வெளியார் ஒருவருக்கு வழங்கும் அதிகாரம் சனாதிபதிக்கு இல்லையாதலின், 1997ஆம் ஆண்டின் இணைவே அரசியலமைப்புக்கு முரணானது என அது மொழிந்தது. குழுவின் கருத்து நீதிமன்றைக் கட்டுப்படுத்தாது என்பதும், அக்கருத்துச் சுட்டிய குறையை நீதிமன்றம் தானாக ஆராய இயலாது என்பதும் ஒன்றல்ல. முதலாவதை ஏற்றாலும், கட்டைவிரல் அடையாளம் பற்றிய வினா விடையின்றியே நிற்கின்றது. இறைமை பற்றி விரிவாகப் பேசிய தீர்ப்பில், சிங்களம் அறியாதவரின் சிங்கள ஒப்புதலுக்குக் கிடைத்த இடம் சிறிது.

அடுத்த ஆண்டு, 56ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உடன்படிக்கையின் சில உரிமைகள் மட்டும் உள்நாட்டுச் சட்டமாயின. பயங்கரவாதத் தடைச் சட்டமோ தொடர்ந்தது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் அதன்கீழ்க் கைதானோருட் பெரும்பாலார் முஸ்லிம்கள். தமிழ்க் கிராமங்களின் வீடுகளில் முன்னர் கேட்கப்பட்ட வினாக்கள், தடுப்புக் கட்டளை எத்தனை மாதம், பிணை எந்த மன்றில் என்பவை, கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலும் கேட்கப்படலாயின. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவுக்கு, கைதாகி இருபத்திரண்டு மாதங்களின் பின்னர், 2022 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கிற்று. அவ்வாண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடுப்புக் கட்டளையின் உச்ச காலத்தைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. பன்னிரண்டு மாதத்துள் விளக்கம் தொடங்காவிடின் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கலாம் எனவும் ஏற்பாடு செய்தது. ஒப்புதல் பற்றிய 16ஆம் பிரிவை அத்திருத்தம் தொடவில்லை.