பெயர் சொல்லாத சட்டம்

இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கவிதை படிப்பதுபோல் வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம். விலக்கப்படுகிறவர்கள் யார் என்று அது சொல்வதேயில்லை. அந்த வருஷம் நவம்பர் 15க்கு முன் அங்கே பிறந்த ஒருவன் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால் அவன் தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நிரூபிக்கச் சொல்லி யாரைக் கேட்பது? சிங்கள விவசாயியை யாரும் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவனைக் கேட்டார்கள்.

1949இல் ஓட்டுரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்றாயிற்று. 1947 தேர்தலில் தலவாக்கலையில் ஜெயித்தவர் சி.வி. வேலுப்பிள்ளை, மலையகத்தின் கவி. அவரைத் தேர்ந்தெடுத்த ஜனங்களில் பெரும்பாலோர் அடுத்த தேர்தலின் வாக்காளர் பட்டியலில் இல்லை. இதில் யாழ்ப்பாணத்தின் பங்கையும் மறைப்பதற்கில்லை. முதல் சட்டத்தை எதிர்த்த ஜி.ஜி. பொன்னம்பலம், மந்திரியான பிறகு அடுத்ததை ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்து போய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வழக்காடினார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்று அரசியல் சாசனத்தின் 29ஆம் பிரிவு சொன்னது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் அப்பீலைத் தள்ளிவிட்டது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த ராஜ்யத்துக்கும் இயல்பானதுதானாம். உருவத்தைப் பார்த்தார்கள், அது யார்மேல் விழுகிறது என்று பார்க்கவில்லை. இப்படிப் படிக்கிற விமர்சகர்கள் நம்மிடையிலும் உண்டு.

பிறகு எண்கள். 1964 அக்டோபர் 30, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வது. கணக்குச் சேராத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். இங்கே மனிதர்களைப் போட்டார்கள். 1974இல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக் கணக்கை முடித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை.

வந்தவர்களுக்கு இங்கே சர்க்கார் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எங்கள் கிளைக்கு வரும் கூடலூர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "நான் எங்க தம்பி திரும்பினேன்? அப்பத்தானே மொத தடவையா வந்தேன்."

இலங்கையில் 2003ஆம் வருஷச் சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது. 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக அங்கே வசித்திருக்க வேண்டும், அல்லது அப்படி வசித்தவரின் சந்ததியாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் தேதி அப்படியே தகுதியின் தேதியாகிவிட்டது. 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த மலையகத்தார் இங்கே அகதிகளாகப் பதியப்பட்டார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த சிலர் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட வழக்கில், 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களைப் புதிதாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொன்னது.