எலும்புப்புரை

எலும்பின் அடர்த்தி குறைந்து, உள்ளிருக்கும் பின்னல் மெலிந்து, லேசாக விழுந்தாலே முறியும் நிலை. ‘எலும்புத் தேய்மானம்’ என்ற பேச்சுவழக்கு இதை மூட்டுத் தேய்வோடு குழப்பிவிடுகிறது. மூட்டுத் தேய்வு வலித்துக்கொண்டே இருக்கும். எலும்புப்புரையோ முறிவு வரும்வரை வாய் திறக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே பல வீடுகளில் தெரியவருகிறது. முதுகெலும்பு நசுங்கி உயரம் குறைவதையும் வயசுக் கூன் என்று விட்டுவிடுகிறோம்.

எலும்பு நாள்தோறும் அரிக்கப்பட்டுக் கட்டப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு முந்திக்கொள்கிறது. நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரையும் ஒரு காரணம்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், டி-ஸ்கோர் என்ற அடர்த்தி மதிப்பெண் -2.5 அல்லது அதற்கும் கீழ் இருந்தால் எலும்புப்புரை.

கேழ்வரகு, பால், வைட்டமின் டி, நடை எல்லாம் வேண்டியவைதான்; முறிவு கண்டவருக்கு அவை மட்டும் போதா, மருந்தும் வேண்டும். அலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீருடன். விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். சோலெட்ரோனிக் அமிலம் ஆண்டுக்கு ஒருமுறை சிரை வழியாக ஏற்றப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை, மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியலாம்.