கலிஃபோர்னிய வீட்டு நீச்சல் குளமும் அதன் இயந்திரங்களும்

வீட்டு நீச்சல் குளத்தில் தொட்டிக்கும் இயந்திரங்களுக்கும் ஆயுள் ஒன்றல்ல. நன்றாகக் கட்டிய கான்கிரீட் தொட்டி அரை நூற்றாண்டுக்கு மேலும் நிற்கும். நீரைச் சுற்றவிடும் பம்பும் சூடேற்றும் ஹீட்டரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதனால் ஒரு தொட்டி தன் காலத்தில் பல தலைமுறை இயந்திரங்களைக் கண்டுவிடுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் ஒரு குறையைத் தீர்க்க வந்தது. வீட்டுக் குளங்கள் மலிந்த கலிஃபோர்னியாவில் இந்த வரலாறு தெளிவாகத் தெரிகிறது.

முதற்குறை அழுக்கு நீர். சுழற்சியும் மருந்தும் இல்லாத பழைய குளங்களில் நீர் பச்சை படர்ந்ததும் அதை வடித்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்புவதே பராமரிப்பு. 1910 வாக்கில் பிரௌன் பல்கலைக்கழகக் குளத்தில் குளோரின் இட்டு நீரைத் தூய்மையாக்கினர். குளோரின் கிருமியைக் கொல்லும். மிதக்கும் தூசியை அகற்ற வடிகட்டி வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளும் வசதி அன்று பெருஞ்செல்வர்களுக்கே இருந்தது. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் சான் சிமியன் மலைமேல் எழுப்பிய மாளிகையின் நெப்டியூன் குளம் அத்தகையது. கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கன் 1924 முதல் 1936 வரை அதை மூன்று முறை மாற்றிக் கட்டினார். அதன் கொள்ளளவு 3,45,000 காலன், அதாவது ஏறத்தாழ 13 லட்சம் லிட்டர்.

நடுத்தரக் குடும்பங்களின் புழக்கடைக்குக் குளம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அதற்கு வழி செய்தவை இரண்டு. சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் உதிர்ந்த சுவரைப் பூசுவதற்காகக் கார்ல் ஏக்லி உருவாக்கிய சிமெண்ட் துப்பாக்கி 1911இல் காப்புரிமை பெற்றது. காற்றழுத்தத்தால் காரையைப் பீய்ச்சும் இந்த முறையில் கம்பி வலைமீது எந்த வளைவிலும் தொட்டி கட்ட முடிந்தது. மற்றொன்று டயட்டம் மண் வடிகட்டி. சீதபேதி தரும் அமீபாவின் உறைகூடுகளைக் (சிஸ்ட்) குடிநீரிலிருந்து பிரிக்கப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய இந்த வடிகட்டி பின்னர் வீட்டுக் குளங்களுக்கு வந்தது. சொனோமாவில் தாமஸ் சர்ச் வடிவமைத்த டானல் தோட்டத்தின் சிறுநீரக வடிவக் குளம் (1948) புதிய பாணிக்கு அடையாளமானது. அமெரிக்காவில் 1950இல் சுமார் 2,500 ஆக இருந்த தனியார் தரைக்குளங்கள் நூற்றாண்டின் முடிவில் 40 லட்சத்தைத் தொட்டன.

வெயில் அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. சூரிய ஒளி குளோரினைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். 1950களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்த சயனூரிக் அமிலம் குளோரினைப் பிடித்துவைத்து இந்த இழப்பைக் குறைத்தது. ஆனால் அது எளிதில் சிதைவதில்லை. நீர் ஆவியானாலும் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அளவு மிஞ்சினால் குளோரினின் வேகம் மந்தமாகும். அப்போது நீரில் ஒரு பங்கை வடித்துப் புதுநீர் விடுவதே வழி. நீரின் அமிலத்தன்மை கூடினால் ஹீட்டரின் செம்புக் குழாய் அரிக்கும். காரத்தன்மை கூடினால் சுண்ணாம்பு படியும். எனவே நீரைச் சோதிப்பது இயந்திரத்தைக் காக்கும் வேலையும் ஆகும்.

நீர் பீய்ச்சும் வெந்நீர்த் தொட்டியான ஸ்பாவின் தொடக்கம் கிணற்றுப் பம்பில் இருக்கிறது. இத்தாலியின் ஃப்ரியூலிப் பகுதியிலிருந்து வந்த ஜக்கூசி சகோதரர்கள் பெர்க்லியில் விமான உந்துவிசிறி செய்தனர். 1921இல் அவர்களது விமானம் விழுந்து சகோதரர்களில் ஒருவர் இறந்தபின் குடும்பம் நீரேற்றும் பம்புத் தொழிலுக்கு மாறியது. கண்டிடோ ஜக்கூசியின் மகன் மூட்டுவாதத்தால் துன்புற்றான். அவனுக்காகக் குளியல் தொட்டியில் இறக்கக்கூடிய நீர்ச்சிகிச்சைப் பம்பு ஒன்றை உருவாக்கினர். அது 1956இல் விற்பனைக்கு வந்தது. 1968இல் ராய் ஜக்கூசி பீச்சுக்குழல்களைத் தொட்டிச் சுவருக்குள்ளேயே பதித்தார். சாண்டா பார்பராவில் பழைய ஒயின் பீப்பாய்களை வெந்நீர்த் தொட்டிகளாக்கும் வழக்கமும் அதே காலத்தில் பரவியது. ஸ்பாவின் நீர் குறைவு, வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் வரை. குளோரின் விரைவில் தீர்ந்துபோகும். ரப்பர் சீல்களும் சீக்கிரம் கெடும்.

சில குறைகள் உயிரைப் பறித்தன. நீருக்கடியில் எரியும் விளக்கில் மின்கசிவு ஏற்பட்டால் குளிப்பவர் பிழைப்பது அரிது. பெர்க்லிப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸில் 1961இல் கண்டறிந்த மின்கசிவுத் துண்டிப்பான், சில மில்லி ஆம்பியர் கசிவையும் உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும். 1968ஆம் ஆண்டின் மின் விதிகள் அதைக் குள விளக்குகளுக்குக் கேட்டன. அடித்தள வடிகாலின் உறிஞ்சுவிசையில் குழந்தைகள் சிக்கிய விபத்துகள் 2007ஆம் ஆண்டின் வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டத்துக்கு வழிவகுத்தன. அதன்பின் விற்கும் வடிகால் மூடிகள் உடலைப் பிடித்துவைக்காத அமைப்பில் இருக்க வேண்டும். பழைய தட்டையான மூடியை மாற்றுவது சிறு செலவு. பழங்குளத்தில் முதலில் செய்ய வேண்டியதும் அதுவே.

கடைசியாகக் கவனத்துக்கு வந்தது மின்செலவு. ஒரே வேகத்தில் ஓடும் பழைய பம்பு வடிகட்டலுக்குத் தேவையானதைவிட மிகுந்த வேகத்தில் நீரைத் தள்ளியது. பம்பின் மின்தேவை வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் மின்தேவை எட்டில் ஒன்றாகும். இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தச் செலவு கால் பங்குதான். 2008இல் கலிஃபோர்னியா 1 குதிரைத்திறனுக்குக் குறையாத வடிகட்டிப் பம்புகளுக்குக் குறைந்தது இரண்டு வேகங்களைக் கட்டாயமாக்கியது. 2021 ஜூலை 19 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சித் தரம், தரைக்குளங்களுக்கான பெரும்பாலான புதிய பம்புகளை மாறுவேக வகைக்குக் கொண்டுவந்தது. குறுகலான குழாய் உள்ள பழைய குளங்களுக்கும் இது நன்மை. நிதானமாக ஓடும் நீரைக் குழாய் குறைவாகவே தடுக்கிறது.

தொட்டியும் என்றேனும் தளரும். நெப்டியூன் குளத்தின் விரிசல்களில் நீர் கசிந்தது. வறட்சி கடுமையாக இருந்த 2014இல் அது வடிக்கப்பட்டது. பளிங்கு ஓடுகளைப் பெயர்த்து, விரிசல்களை அடைத்து, நீர்புகாப் பூச்சு இட்டு, வெர்மான்ட் பளிங்கைப் பதித்து 2018இல் மீண்டும் நிரப்பினர். ஜூலியா மார்கன் தந்த உருவம் மாறாமல், கசிவு நின்றது.