கேமரா

கேமரா (பெ.): ஒளிப்படக் கருவி. இலங்கைத் தமிழில் ‘கமரா’.

மூலம் இலத்தீன், பொருள், வளைகூரை அறை. இருட்டறைச் சுவரில் சிறு துளையிட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். 1604இல் வானியலாளர் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் இத்தகைய அறையை ‘கேமரா அப்ஸ்க்யூரா’, அதாவது இருட்டறை என்றார். பிறகு அறை பெட்டியாகச் சுருங்கியது. துளையில் அதற்கு முன்பே லென்ஸ் ஏறியிருந்தது. சுவர் இருந்த இடத்துக்கு ஃபிலிமும், பின்னர் சென்சாரும் வந்தன.

நல்ல வெயிலில் சென்னைக் கோட்டூர்புரத்து அடுக்ககம் ஒன்றின் அறை ஜன்னலைக் கறுப்பு அட்டையால் அடைத்து, நடுவே ஒரு துளை போட்டுப் பாருங்கள். தெருத் தென்னை தலைகீழாகத் தொங்கும். ஆட்டோ கூரையோரமாக ஓடும். ஒளி நேர்கோட்டில் செல்வதால் மேலிருப்பது கீழே விழுகிறது. துளை சிறுத்தால் படம் துல்லியமாகும், ஆனால் மங்கும். பெருத்தால் வெளிச்சம் கூடும், விளிம்பு கலங்கும்.

உறவுச் சொற்கள்: சேம்பர், காம்ரேட் (முதற்பொருள், அறைத்தோழர்), போர்த்துகீசியம் வழி வந்த இந்தி ‘கம்ரா’ (அறை), தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் ‘காமிரா உள்’ என்ற அறை.

வழக்கு: நீதிமன்றத்தில் ‘இன் கேமரா’ விசாரணை என்றால் படம் பிடிப்பதல்ல, வெளியாரை அனுமதிக்காமல் மூடிய அறையில் நடத்துவது.